முன்பணம் கட்டி வாராவாரம் காய்கறி: பாளையங்கோட்டையில் 12 வீடு, எப்படி ஆரம்பிக்க?

ரதவீதி:
பாளையங்கோட்டையில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் 12 வீடு சேர்ந்திருக்கிறோம். விவசாயிக்கு முன்பணம் கொடுத்து, விளைகிறதை வாரம் ஒருநாள் பங்கு பிரிக்கலாம் என்று யோசனை. சேரன்மகாதேவியில் ஆற்றுப் பாசன வயல்காரர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். எத்தனை கிலோ, எவ்வளவு முன்பணம், எந்த மாதம் தொடங்க?

கிணத்துமேடு:
அண்ணாச்சி, முதல்ல ஆளைப் பாருங்க. சேரன்மாதேவி ஆத்துப் பாசனம்னா கார், பிசானம்னு ரெண்டு பருவமும் நெல்லு, மிச்சம் வாழை. வாழைக்காய், பூ, தண்டு, இலை தாராளமா வரும். கத்தரி, வெண்டை, தக்காளிக்கு ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் கிணத்துத் தோட்டக்காரர் இன்னொருத்தரைச் சேத்துக்கோங்க.

நாலு பேர் வீட்டுக்கு வாரம் 6 கிலோ. 12 வீட்டுக்கு 72. இதுக்குன்னு தனியா குட்டியானை (சின்ன லோடு வண்டி) பிடிச்சா வாடகை காய் விலையைத் தின்னுரும். டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்கு லோடு வர்ற வண்டியில பெட்டிக்கு இவ்வளவுன்னு பேசி ஏத்திவிடச் சொல்லுங்க.

பணம் கட்டின மறுவாரமே காய் வராது. கீரைக்கு 25–30 நாள், வெண்டைக்கு 45. கத்தரி நாத்தங்கால்ல ஒரு மாசம், நட்டபிறகு ரெண்டு மாசம். மார்கழியில நாத்து விட்டா பங்குனியில கத்தரி பறிக்கலாம். முதல் வருசத்துக்கு இதுதான் தோது. ஆடிப்பட்டத்துல தொடங்குனா காய்க்கிற நேரம் பாத்து ஐப்பசி மழை வந்து நிக்கும்.

வருசப் பணத்தை மொத்தமாக் கட்டாதீங்க. 12 வாரக் காய்க்குப் பேசி, பாதியை விதைப்புக்கு முன்னாடி கொடுங்க. நாத்து, களையெடுப்புக் கூலி எல்லாம் அப்பத்தான் செலவு. கால் பங்கு முதல் பறிப்புல, மிச்சம் ஆறாம் வாரத்துல.

முருங்கைக்கொம்பு:
வாரம் ஒரே நாள் என்பது வெண்டைக்கு ஒத்து வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நார் ஏறிவிடும். டெலிவரிக்கு முந்தின நாள் பறித்தது மட்டும் உங்களுக்கு, மற்ற பறிப்பெல்லாம் அவர் சந்தைக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கீரையைக் கழுவி பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே அழுகல் வாடை வரும். சாயங்காலம் பறித்து, வேரோடு வாழையிலையில் சுற்றினால் போதும். தக்காளியைச் சாக்கில் போட விடாதீர்கள், பெட்டிதான். சின்ன வெங்காயம் நிழலில் காயாமல் வந்தால் கழுத்து அழுகும்.

ரதவீதி:
மழையில் காய் இல்லாவிட்டால்? பணம் திரும்புமா?

கிணத்துமேடு:
திரும்பாது அண்ணாச்சி, சேதத்துலயும் பங்குங்கறதுதான் இந்த ஏற்பாடே. ஆனா ஒண்ணு எழுதி வச்சுக்கோங்க: குறைஞ்சா குறைஞ்சபடி வரட்டும், மார்க்கெட்ல வாங்கி நிரப்பக்கூடாது. அது பழகிட்டா உங்க முன்பணம் கமிஷன் கடைக்குத்தான் போகும். மழை மாசத்துல முருங்கையில பூ உதிரும், தக்காளி வெடிக்கும், கீரை சாயும். அப்போதைக்குப் பூசணி, சேனை, வாழைக்காய்தான்.

சிறுகிழங்கைத் தனியாப் பேசுங்க. மார்கழி, தையில தோண்டுறது. பொங்கலுக்குச் சந்தையில விலை ஏறும்போது அவர் மனசும் அங்க போகும். வீட்டுக்கு 2 கிலோ, இன்ன விலைன்னு நடும்போதே முடிச்சிருங்க. மண்ணோடவே வாங்குங்க, கழுவினா தாங்காது. சமைக்கிற அன்னைக்குச் சாக்குல போட்டுத் தேய்ச்சா தோல் வந்துரும்.

முருங்கைக்கொம்பு:
வீட்டில் இதையும் சொல்லிவிடுங்கள்: சொதிக்கு (தேங்காய்ப்பால் குழம்பு) வேண்டிய கேரட், பீன்ஸ், உருளை இந்தக் கூடையில் வராது. அவை மலைக்காய், கடையில்தான் வாங்க வேண்டும்.