மெட்ராஸ் அந்நியப் பெயரா?

கடலோரத்தான்:
"மெட்ராஸ் வெள்ளைக்காரன் வைத்த பெயர், சென்னைதான் சுத்தத் தமிழ்" என்று நேற்று மாடவீதி எழுதியிருந்தார். இரண்டுமே நிற்காது. 1639-இல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பட்டயத்திலேயே மதராசப்பட்டினம் இருக்கிறது. கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கேட்டபோதே ஊருக்கு அந்தப் பெயர்தான். சென்னப்பட்டணமோ அந்த நாயக்கரின் அப்பா சென்னப்பரின் பெயரில் வந்தது. அவர்கள் தெலுங்கர்கள்.

மாடவீதி:
வெள்ளைக்காரன் இல்லையென்றால் பறங்கியர், அவ்வளவுதானே? டே வருவதற்கு நூறு வருஷம் முன்பே சாந்தோமில் குடியேறியவர்கள். அங்கிருந்த ஒரு போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்தான் மெட்ராஸ் ஆனது என்பார்கள். சென்னைக்கு நாயக்கர் எதற்கு? சென்னகேசவப் பெருமாள் போதாதா? இப்போது ஹைகோர்ட் நிற்கிற இடத்தில் இருந்த கோயில் ஐயா அது! கம்பெனிக்காரர்கள் இடித்தபின் பூக்கடைப் பகுதியில் மறுபடி எழுப்பினார்கள்.

கடலோரத்தான்:
1367-ஆம் ஆண்டு விஜயநகரக் கல்வெட்டு ஒன்று கிழக்குக் கடற்கரைத் துறைகளைச் சொல்லும்போது மாதரசன்பட்டினத்தையும் சொல்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498-இல். பிறகு எந்தப் போர்த்துக்கீசியக் குடும்பம் பெயர் கொடுத்திருக்கும்? காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் வரிசையில் வருகிற நெய்தல் ஊர்ப்பெயர் இது. பெருமாள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்துப் பேலூரிலும் சென்னகேசவர்தான். 'சென்ன' என்றால் கன்னடத்திலும் தெலுங்கிலும் அழகு.

மாடவீதி:
தமிழில் 'சென்னி' இல்லையா? சோழனுக்கே அது பட்டப்பெயர்.

ஏட்டுச்சுவடி:
சென்னி என்றால் தலை, சரி. ஆனால் கேசவருக்கு முன்னால் நிற்கிற 'சென்ன' அதுவல்ல, மாடவீதி. அதற்காகக் கடலோரத்தான் பக்கமும் முழுதாகச் சாய மாட்டேன். இங்கிலீஷில் யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ் என்றிருப்பதைத் தமிழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றுதானே எழுதுகிறோம்? மெட்ராஸ் பிரசிடென்சிகூட நமக்குச் சென்னை மாகாணம்தான். தமிழ் எழுத்தில் எப்போதோ ஊன்றிவிட்ட பெயரைத்தான் 1996-இல் அரசு இங்கிலீஷுக்கும் கொண்டுபோனது. தெலுங்கு வேர் என்பதால் அது நம்முடையது இல்லாமல் போகுமா?

கடலோரத்தான்:
போகாது. சென்னையை எடுத்துவிடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? மெட்ராஸை அந்நியன் என்று தள்ளுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவர் "மெட்ராஸு" என்றால் அவரிடம் போய் அடிமைப்புத்தி என்று திருத்துகிறார்கள். கோட்டைக்கு முன்பே இந்தக் கரையில் இருந்த பெயரை அவர் சொல்கிறார். மாதரசன் யார் என்று தேடலாம், வாருங்கள். மீனவத் தலைவன் என்று ஒரு வழக்கு உண்டு. மாடவீதி, 1367-க்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை.