சூடாக்காமலே உலோகத்தில இருந்து இலத்திரன் எப்பிடி வெளிய வருது?

உப்புவெளிக்காரி:
கம்பஸில இரண்டாம் வருஷம் பௌதிகவியல் படிக்கிறன். தங்குதன்ர வேலைச் சார்பு (ஒரு இலத்திரனை உலோகத்தில இருந்து வெளிய எடுக்கத் தேவையான சத்தி) 4.5 இலத்திரன்வோல்ற், அதுக்குத்தான் இழையை 2000 பாகைக்கு மேல சூடாக்கிறது எண்டு ஏ/எல்லில படிச்சம், அது விளங்குது. ஆனா கூரான ஊசிக்குப் பலமான மின்புலம் குடுத்தா அறை வெப்பநிலையிலயே இலத்திரன் வருதாம். புலம் அந்தச் சத்தித் தடுப்பைப் பதிக்கிறதால மேலால ஏறிப் பாயுது எண்டு நோட்ஸில எழுதி வச்சிருக்கிறன், நேற்று கரண்ட் போன நேரம் மெழுகுதிரி வெளிச்சத்தில கணக்குப் போட்டா சரிவரேல்ல. எங்க பிழை?

கோட்டடியான்:
தங்கச்சி, பிழை "மேலால" எண்ட சொல்லிலதான். தடுப்பு பதியிறது உண்மை, அது ஷொட்கி விளைவு, நனோமீற்றருக்கு 3 வோல்ற் புலத்தில ஏறத்தாழ 2.1 இலத்திரன்வோல்ற் குறையும், மிச்சம் 2.4 அப்பிடியே நிக்குது, அறை வெப்பநிலையில கிடைக்கிற வெப்பச்சத்தி வெறும் 0.025தான், பிறகெங்க ஏறுறது. ஏறேல்ல, ஊடுருவிப் போகுது. புலம் இல்லாட்டி தடுப்பு முடிவில்லாம நீளும். புலம் வந்தா மற்றப்பக்கம் சரிஞ்சு முக்கோணமாகும், அதின்ர அடி அகலம் 4.5ஐ 3ஆல பிரிச்சா 1.5 நனோமீற்றர், அஞ்சாறு அணுவை வரிசையா வச்ச தடிப்பு. அவ்வளவு மெல்லிசெண்டா இலத்திரன்ர அலைச்சார்பு (அது எங்க இருக்கக்கூடும் எண்டதைச் சொல்லுறது) மற்றப்பக்கம் எட்டிடும். 1928இல பௌலரும் நோர்ட்ஹைமும் குவாண்டம் பொறிமுறையை வச்சுப் போட்ட கணக்கு இதுதான்.

கடற்கரைவீதி:
அண்ணா சொன்னது சரி, அந்தக் கணக்கில மின்னோட்டத்துக்கு வாற e இன்ர அடுக்குக்குறியையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, எனக்கு அதுதான் ஆகப் பிடிச்ச இடம். புலம் 3 எண்டா −21.7, 6 எண்டா −10.9. அதுக்கு முன்னால பெருக்கமா புலத்தின்ர வர்க்கமும் இருக்கு. அப்ப புலம் இரண்டு மடங்கானா மின்னோட்டம் இரண்டு லட்சம் மடங்கு! ஊசி ஏன் கூரா வேணும் எண்டதும் இதாலதான், முனை ஆரை 100 நனோமீற்றர் எண்டா 1500 வோல்ற்றே கிட்டத்தட்ட அந்த 3ஐத் தரும். எங்கட தூண்டில் முள்ளு கையைக் குத்தினாலும் இதுக்கு முன்னால மொட்டைதான்.

கோட்டடியான்:
ஒண்டு விட்டுட்டன். −21.7 வெறும் முக்கோணத்துக்கு. விம்ப விசை (வெளிய வாற இலத்திரனை உலோகம் திருப்பி இழுக்கிற விசை) உச்சியை மழுக்கிறதைச் சேர்த்தா −16க்குக் கிட்ட வரும், மின்னோட்டம் சில நூறு மடங்கு கூடும். நோர்ட்ஹைம் 1928இல போட்ட திருத்தத்தில கணக்குப் பிழை இருந்தது, 1953இலதான் திருத்தினவை. நீங்க 1956இல மேர்பியும் குட்டும் எழுதின வடிவத்தைப் பாவியுங்கோ.

உப்புவெளிக்காரி:
நன்றி அண்ணா, நோட்ஸில "ஏறி" எண்டதை வெட்டிட்டு "ஊடுருவி" எண்டு எழுதிட்டன். இப்ப 4க்கும் 5க்கும் போட்டுப் பாக்கிறன்.