பழைய நிஸான் 370இசட்: எதில் எந்த ஆயில் ஊற்றுவது, வீட்டிலேயே மாற்றலாமா?

லாஸ்பேட்டை 370 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாசி மாதத்தில் 2011ஆம் ஆண்டு நிஸான் 370இசட் ஒன்றைப் புதுச்சேரியிலேயே வாங்கினேன். 3.7 லிட்டர் வி6 எஞ்சின், கையால் மாற்றும் ஆறு கியர், இதுவரை ஓடியது 46,000 கிலோமீட்டர். முந்தைய உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை ஓட்டிவிட்டு வந்து உறை போட்டு நிறுத்திவிடுவாராம். கடைசி நான்கு ஆண்டுகளுக்கான பராமரிப்புச் சீட்டுகள் எதுவும் அவரிடம் இல்லை.

வாங்கிய வாரமே ஒரு பணிமனையில் விட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். பில்லில் 'ஆயில் சேஞ்ச், ஃபுல்' என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்த ஆயில், எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பது எழுதப்படவில்லை. அதன் பிறகுதான், காலையில் வண்டியை எடுத்தவுடன் இரண்டாம் கியர் சுலபமாக விழாமல் உரசும் சத்தம் வருகிறது. அரை மணி நேரம் ஓடிய பின் ஓரளவு தணிகிறது. கேட்டதற்கு, விலை உயர்ந்த கியர் ஆயில்தான் ஊற்றியிருப்பதாகவும் போகப் போகச் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பதிலில் நிறைவில்லை.

இனி இந்த வேலையை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து என் புல்லட்டுக்கு நான்தான் ஆயில் மாற்றி வருகிறேன், ஆனால் காருக்கடியில் படுத்து வேலை செய்து பழக்கமில்லை. வீட்டு முன்புறம் சிமெண்டுத் தரை இருக்கிறது. வாசலை நோக்கிச் சற்றே சரிவானது. நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த எஞ்சின் ஆயில்தான் தாங்கும் என்று நண்பர்கள் சொல்வது சரியா? கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி), பிரேக், ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மஞ்சக்குப்பம் பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. வாழ்த்துகள். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன், உங்கள் கியர் பாக்ஸில், டிஃபரென்ஷியலுக்கான ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்மிடையே எஞ்சினுக்கும் ஆயில், கியர் பாக்ஸுக்கும் ஆயில், பிரேக்குக்கும் ஆயில், ஸ்டியரிங்குக்கும் ஆயில் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் பணிமனைகளில் பாதித் தவறுகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம். இவை ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு, உட்பொருளும் வேறு.

உங்கள் காருடன் வரும் கையேட்டுப் புத்தகம், கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-85, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) ஜிஎல்-4 தரத்தைத்தான் கேட்கிறது. கொள்ளளவு சுமார் 3 லிட்டர். ஜிஎல்-5 என்பது டிஃபரென்ஷியலில் உள்ள ஹைப்பாய்ட் பற்களுக்காக உருவான தரம். அந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தத்தோடு வழுக்கிச் செல்வதால், உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களை அதில் ஜிஎல்-4இல் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சேர்க்கிறார்கள். கியர் பாக்ஸில் இருக்கும் சின்க்ரோ வளையங்களோ, கியர் விழும் கணத்தில் உரசிப் பிடித்து இரண்டு பக்க வேகத்தையும் சமன்படுத்த வேண்டியவை. அங்கே வழுக்கல் அதிகமானால் வளையம் பிடிக்காது, பிடிக்காவிட்டால் பல் உரசும். அதோடு, செம்பு கலந்த வளையங்களை அந்தக் கந்தகச் சேர்மங்கள் நாளடைவில் அரிக்கவும் கூடும். விலை கூடியது என்பதாலேயே ஓர் ஆயில் பொருத்தமானதாகிவிடாது. 'போகப் போகச் சரியாகும்' என்று விட்டுவைக்காமல் இந்த வாரமே வடித்துவிடுங்கள்.

வேலை செய்யும் முறையில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கியர் பாக்ஸானாலும் டிஃபரென்ஷியலானாலும், முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். அது கழன்ற பிறகே கீழே உள்ள வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்றால், வண்டி அங்கேயே கிடக்கும். கடற்கரை ஊர்களில் இது அடிக்கடி நடப்பதால், முந்தைய நாள் இரவே துரு நீக்கும் திரவத்தைத் தெளித்து வையுங்கள்.

இரண்டு இடத்திலும் அளவு பார்ப்பது ஒரே முறைதான். நிரப்பும் துளையின் விளிம்பு வரை வந்து மெல்லக் கசியத் தொடங்கினால் போதும். ஆனால் வண்டி நான்கு பக்கமும் மட்டமாக நின்றால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும் என்பதால், முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். உங்கள் தரை சரிவானது என்கிறீர்கள்; ரச மட்டத்தைக் கதவின் கீழ்ச் சட்டத்தில் வைத்து, நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகளின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த வகைக் கார்கள் தாழ்வானவை, சாதாரண ஜாக் உள்ளே நுழையாது. இரண்டு அங்குலப் பலகைகளின் மேல் முன் சக்கரங்களை ஏற்றிக்கொண்டால் இடம் கிடைக்கும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நொடிகூட உடலை வண்டிக்கடியில் நுழைக்கக் கூடாது. வீட்டில் ஒருவராவது பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90, சுமார் 1.4 லிட்டர் போதும். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இந்த வண்டி எங்கே நின்றிருந்தது? சக்கரத்தின் பாதியளவு தண்ணீரில் நின்றிருந்தால், டிஃபரென்ஷியலின் காற்றுத் துளை வழியாக நீர் உள்ளே இறங்கியிருக்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் விட வேண்டாம்.

எஞ்சின் ஆயிலைப் பொறுத்தவரை, நம் வெயிலுக்கு நான் 10டபிள்யூ-40 ஊற்றுவேன். 20டபிள்யூ-50 வேண்டாம்.


சிப்காட் வேதியியல் எழுதியது:

மஞ்சக்குப்பம் ஐயா கியர் பாக்ஸைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. எஞ்சின் ஆயிலில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். கடலூரில் ஒரு வேதித் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன் என்பதால், எண்களின் பொருளிலிருந்தே தொடங்குகிறேன்.

5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் எஞ்சின் சுழலும் எளிமையையும், இரண்டாவது எண் சூடான பிறகு ஆயிலுக்கு உள்ள தடிப்பையும் குறிக்கிறது. 5டபிள்யூ ஆயிலை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்கு அதிகம் கீழே இறங்காத நம் ஊரில் அந்தச் சோதனை பொருந்தாது என்று தோன்றலாம். ஆனால் எந்த எஞ்சின் ஆயிலும், 100 டிகிரியில் இருக்கும் அளவுக்குத் தண்ணீர்ப்பதமாக 40 டிகிரியில் இருப்பதில்லை. 40 டிகிரி வெப்பத்தில் ஒரு சராசரி 5டபிள்யூ-30இன் பாகுநிலை (தடிப்பு) 60 செண்டிஸ்டோக் என்ற அலகின் அளவில் இருக்கும்போது, 20டபிள்யூ-50இன் பாகுநிலை 160ஐத் தாண்டிவிடும். ஞாயிறு தோறும் மட்டும் ஓடும் ஒரு வண்டியில், ஆயில் முழுக்கக் கீழே இறங்கிவிட்ட நிலையில் எஞ்சினைத் தொடங்கும் முதல் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம். உங்கள் எஞ்சினில் வால்வு திறக்கும் நேரத்தை முன்பின் நகர்த்தும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. அதற்குத் தடித்த ஆயில் உகந்ததல்ல.

வெளி வெயிலைப் பார்த்து ஆயிலைத் தடிப்பாக்குவதில் இன்னொரு பிழையும் உண்டு. எஞ்சின் சூடான பிறகு குளிர்விப்பு அமைப்பும் தெர்மோஸ்டாட்டும்தான் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. வெளியே 28 டிகிரி என்றாலும் 40 டிகிரி என்றாலும் சாதாரணச் சாலை ஓட்டத்தில் ஆயிலின் வெப்பம் அதே அளவுக்கு உயர்ந்துவிடாது. எனவே கையேட்டில் உள்ள 5டபிள்யூ-30ஐயே, முழு சிந்தெடிக் வகையில், ஏபிஐ எஸ்என் அல்லது அதற்குப் பிந்தைய எஸ்பி தரத்தில் ஊற்றுங்கள். ஃபில்டருடன் சேர்த்து ஏறத்தாழ 5 லிட்டர் பிடிக்கும். ஆயில் வெப்பமானி அடிக்கடி உயரும்படி நீண்ட நேரம் விரட்டி ஓட்டுபவராக இருந்தால் மட்டும் 5டபிள்யூ-40ஐப் பரிசீலிக்கலாம். 10டபிள்யூவுக்குப் போக வேண்டிய தேவையை நான் காணவில்லை.

மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் மாட்டினால் அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி அடித்துவிடும். வடிக்கும் பிளக்கின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றி, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) 34 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் போதும். அளவுக்கு மீறிப் பலம் காட்டினால் மரை போய்விடும்.

அடுத்து ரேடியேட்டர். 'இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு' என்று நம்மவர்கள் வெறும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது; அதில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள்தான் அலுமினியத்தைக் காக்கின்றன. ஜப்பானியக் கார்களுக்கான கூலன்டில் பெரும்பாலும் பாஸ்பேட் இருக்கும், சிலிகேட் இருக்காது. பாஸ்பேட்டுடன் சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் சேர்ந்தால் படிவு உண்டாகி ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். உங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் வருகிறதென்றால், அதே தண்ணீர் எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்பதை நீங்களே கணிக்கலாம். தாது நீக்கிய நீரையும் கூலன்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். பச்சை, நீலம், சிவப்பு என்ற நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது; நிறம் வெறும் சாயம், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சேர்க்கிறது. கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. தெரு நாய்கள் நக்கிவிடாதபடி, சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

ஏறத்தாழ ஒன்பது லிட்டர் பழைய ஆயில் உங்கள் கையில் சேரும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போகும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. காலி டப்பாக்களிலேயே திருப்பி ஊற்றி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பணிமனையில் கொடுங்கள்.


முத்தியால்பேட்டை ஓட்டுநர் எழுதியது:

பிரேக்கைப் பற்றி இன்னும் யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் என் காரை ஓட்டும் பெண் நான். அங்கே நேர்வழியின் முடிவில் மிதியை அழுத்தும்போது அது தரைவரை இறங்கிய அனுபவம் ஒருமுறை எனக்கு நேர்ந்தது. அன்று முதல் பிரேக் திரவத்தை நான் ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

மஞ்சக்குப்பம் ஐயா சொன்ன 'ஆயில்' என்ற சொல்லின் ஆபத்து இங்கேதான் மிகக் கூடுதல். பிரேக் ஆயில் எண்ணெயே அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். அதில் உண்மையான எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். ஆகவே எஞ்சின் ஆயில் ஊற்றிய புனலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக்குறியீடு. புதிய டாட் 3இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட் 4இல் அவை 230, 155. டாட் 5.1இல் 260, 180. ஈரம் ஏறியது என்று தரவிதி கணக்கிடுவது 3.7 சதவீத நீரைத்தான். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், திரவம் அழுந்தாது. மிதி இறங்குவதற்கு அதுதான் காரணம். நம் கடற்கரைக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் அதிகம் என்பதால், கையேடு சொல்லும் கால இடைவெளியை நீங்கள் குறைத்துக்கொள்வது நல்லது. உங்கள் கார் டாட் 3 கேட்கிறது. அதில் டாட் 4 ஊற்றுவதில் தடையில்லை, நானும் அதையே பரிந்துரைக்கிறேன். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது. பந்தயத்துக்கென விற்கும் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் திரவங்கள் ஈரத்தை விரைந்து ஏற்பதால் தெரு ஓட்டத்துக்கு வேண்டாம்.

புதிய திரவம் ஊற்றி பிரேக் குழாய்களிலிருந்து காற்று நீக்கும்போது சக்கரங்களின் வரிசையைக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் திரவக் குடுவை காலியாகவே விடக் கூடாது. காற்று ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பகுதிக்குள் நுழைந்தால் வீட்டில் வெளியேற்றுவது கடினம். திறந்த பாட்டிலை அடுத்த முறைக்கென்று அலமாரியில் வைக்காதீர்கள். பெயிண்டில் சொட்டினால் தண்ணீர் ஊற்றி உடனே கழுவுங்கள். கிளட்ச்சுக்கும் இதே திரவம்தான். அதன் சிறிய குடுவையில் நிறம் கறுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இரண்டாம் கியர் உரசுவதற்குக் கிளட்ச் முழுமையாக விடுபடாததும் ஒரு காரணமாகலாம்.


லாஸ்பேட்டை 370 எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் இந்த வேலைதான். கியர் பாக்ஸிலிருந்து வடிந்த ஆயிலில் கந்தக நாற்றம் கடுமையாக இருந்தது; இரண்டு லிட்டருக்குச் சற்று மேல்தான் கிடைத்தது, அதாவது தரம் மட்டுமல்ல, அளவும் குறைவாகவே ஊற்றியிருக்கிறார்கள். ஜிஎல்-4 நிரப்பி இதுவரை 120 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். காலையில் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது இன்னும் லேசான தயக்கம் இருந்தாலும் உரசல் சத்தம் நின்றுவிட்டது. கிளட்ச் குடுவை காப்பி நிறத்தில் இருந்ததால் அதையும் மாற்றினேன்.

டிஃபரென்ஷியலில்தான் ஐயா எச்சரித்தது நடந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த தேநீர்போல வந்தது. முந்தைய உரிமையாளரைக் கேட்டேன். ஃபெஞ்சலின்போது தெருத் தண்ணீர் கார் நிறுத்துமிடத்தில் ஏறியது உண்மைதான் என்றார். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருக்கிறது, உலோகத் துண்டுகள் இல்லை. புதிய ஆயில் நிரப்பியிருக்கிறேன். இது போதுமா?


மஞ்சக்குப்பம் பட்டறை எழுதியது:

சாம்பல் பசை இயல்பானது தம்பி. ஊசிபோல மின்னும் துண்டுகள் வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் ஒரு முறை மாற்றியதால் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் முழுவதும் போயிருக்காது. விலை குறைந்த ஜிஎல்-5ஆகவே இருக்கட்டும், 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சூடாக இருக்கும்போதே வடித்துப் பாருங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்து, அதன் பிறகு நல்ல ஆயிலை நிரப்புங்கள். காற்றுத் துளையின் மூடி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 60, 70 வேகத்தில் பின்பக்கத்திலிருந்து ஒரே சீரான ஊளைச் சத்தம் கேட்டால் அது பேரிங்கில் துரு பிடித்ததன் அறிகுறி. அப்போது மேற்கொண்டு ஓட்டாமல் இங்கே எழுதுங்கள்.

கிளட்ச் திரவத்தையும் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், கிரேடு, ஊற்றிய அளவு, வடிந்த அளவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.