புதுப்பிப்பு: முன்பருவக் கல்வியில் முதுகலை
பாம்பன் அருகே அங்கன்வாடிப் பணியாளராக இருக்கும் நான், வேலையை விடாமல் முன்பருவக் கல்வியில் (பள்ளியில் சேரும் முன் சிறு குழந்தைகளுக்குத் தரும் கல்வி) முதுகலை படிக்க இயலுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுகலை இருந்தாலும், அங்கேயே தங்கிப் படிக்க இப்போது வழியில்லாததால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) தொலைநிலைப் பட்டயத்தில் முதலில் சேர்ந்துவிட்டேன்.

தாய்மார் கடற்பாசி எடுக்கப் போய்விடும் எங்கள் ஊரில், சிப்பிகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை மணலில் வரிசையாக அடுக்கி, நடுவில் ஒன்றை எடுத்து இடம் மாற்றிப் பார்க்கும் நான்கு வயதுக் குழந்தை கணக்குக்குத் தானே அடித்தளம் இடுகிறது என்பதைப் பெற்றோருக்கு (எழுத்து எப்போது சொல்லித் தருவீர்கள் என்பதே அவர்களின் முதல் கேள்வி) ஆதாரத்துடன் விளக்க எனக்கு இந்தப் படிப்பு கட்டாயம் வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயதுவரை ஒரே அடிப்படை நிலையாகவே கொள்கிறது. பட்டயம் முடிந்ததும் முதுகலைக்கு விண்ணப்பிப்பேன், வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள்.