ரெண்டு வேலை, ரெண்டு பக்கமும் டிடிஎஸ் (சம்பளத்துல புடிக்கற வரி) ஜீரோ. சிக்கல் வருமாங்க?

சாயங்கால வாத்தி: வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் வேலை, மாசம் 95,000. 2025 ஏப்ரல்ல இருந்து சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் ஒரு கோச்சிங் சென்டர்ல கணக்கு எடுக்கறேன், அங்க 40,000. ரெண்டுமே சம்பளக் கணக்குதான், ரெண்டு எடத்துலயும் பேஸ்லிப் உண்டு, பிஎஃப்பும் புடிக்கறாங்க, ஆனா வரி மட்டும் ஒரு பைசா புடிக்கல. 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னாங்களேன்னு நானும் பேசாம இருந்துட்டேன். நேத்து மச்சான் ரெண்டையும் கூட்டிப் பாத்தியாடான்னு கேட்டான், அதுல இருந்து தூக்கம் வரல. பிப்ரவரி பாதி ஓடிருச்சு, இப்ப என்ன பண்றது?

பைபாஸ் பாண்டி: ஒண்ணும் ஆகாது ப்ரோ. ஒரு கம்பெனி தர்ற ஃபார்ம் 16 (சம்பளம், வரி சான்று) மட்டும் வெச்சு ரிட்டர்ன் போட்டுட்டு போயிட்டே இருங்க.

பேரேடு: தயவுசெஞ்சு இதைக் கேக்காதீங்க தம்பி. ரெண்டு கம்பெனியும் உங்க பான் நம்பர்லதான் கணக்கு குடுக்கறாங்க, பின்னாடி நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், பாண்டிக்கு இல்ல.

ஆடிட்டர் ஆபீஸ்ல குப்பை கொட்டறவன் நான், வருஷா வருஷம் இதே கதைதான். ஒவ்வொரு முதலாளியும் தான் ஒருத்தன்தான் சம்பளம் தர்றேன்னு நினைச்சு, சம்பளக்காரங்களுக்குக் கழிக்கற 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், வரி இல்லாத முதல் 4 லட்சம், 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லாம பண்ற 87ஏ தள்ளுபடி எல்லாத்தையும் தனித்தனியா குடுத்துடறான். உங்களுக்கு எல்லாமே ஒரு தடவைதான். 11,40,000 கூட்டல் 4,80,000, மொத்தம் 16,20,000. 75,000 போனா 15,45,000. புது வரி முறைல 4ல இருந்து 8 வரை 20,000, 8ல இருந்து 12 வரை 40,000, மிச்சம் 3,45,000க்கு 15 சதவீதம் 51,750. வரி மேல போடற செஸ்ஸோட 1,16,220 வருது. 12 லட்சத்தைத் தாண்டிட்டதால தள்ளுபடி கிடையாது.

சாயங்கால வாத்தி: ஐயோ அண்ணா, ஒரு லட்சத்துக்கு மேலயா!! சீட்டு எடுத்துதான் கட்டணும். ஹெச்ஆர் கிட்ட சொல்லாம கட்ட வழி இருக்கா?

பேரேடு: இருக்கு. வருமான வரி போர்ட்டல்ல இ-பே டாக்ஸ் போய் மதிப்பீட்டு ஆண்டு 2026-27, அட்வான்ஸ் டாக்ஸ் (முன்கூட்டியே கட்டற வரி, கோடு 100) போட்டு மார்ச் 15க்குள்ள கட்டிருங்க. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடைசி நேரத்துல சர்வரோட மல்லுக்கட்டாதீங்க. ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணையை விட்டதுக்கு 234சி வட்டி சுமார் 4,700 வரும், அதுக்கு தப்ப முடியாது. மார்ச் 31 தாண்டினா அதுக்கு மேல 234பி வட்டியும் மாசம் 1 சதவீதம் சேரும்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை. இன்னொரு எடத்துச் சம்பளத்தை 12பி ஃபார்ம்ல எழுதி ஒரு முதலாளி கிட்ட குடுத்தா அவரே மொத்தத்துக்கும் சேத்து புடிச்சுடுவாரு. யார் கிட்ட குடுக்கறதுன்னு நம்ம இஷ்டம். கோச்சிங் சென்டருக்கு உங்க பகல் வேலை தெரியும்தானே, அங்கயே குடுங்க. மாசம் 9,685 புடிச்சா சரியா வந்துரும். ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம், ஃபார்ம் நம்பர் மாறும், கேட்டு வாங்கிக்கங்க.

நோட்டீஸ் பீரியட்: வரி விஷயம் ஓகே, ஆனா ஆஃபர் லெட்டர்ல வேற வேலை பாக்கக்கூடாதுன்னு ஷரத்து இருக்கான்னு மொதல்ல பாருங்க. வரி ஒழுங்கா கட்டினாலும் அது தனி தலைவலி, 2022ல விப்ரோ இதுக்காகவே 300 பேரை அனுப்பினதா அவங்க சேர்மனே சொன்னாரு. அதோட ரெண்டு பிஎஃப்பும் ஒரே யூஏஎன்ல (உங்க பேர்ல இருக்கற பிஎஃப் நம்பர்), சர்வீஸ் ஹிஸ்டரில ரெண்டு கம்பெனியும் ஒரே தேதில நிக்கும், நாளைக்கு வேற எடத்துல சேரும்போது பேக்ரவுண்ட் செக்ல மாட்டும்.

சாயங்கால வாத்தி: லெட்டரை தேடி எடுத்தேன். 9ஆவது பக்கம், எழுத்துல முன் அனுமதி வாங்கினா பாக்கலாம்னு இருக்கு. வரியை வெள்ளிக்கிழமை கட்டிடறேன் அண்ணா. மேனேஜர் கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல, அவரு பையனும் எங்க சென்டர்லதான் படிக்கறான்.