மைக்ரோஸ்ட்ரிப்: பட்டையா, கீற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மைக்ரோஸ்ட்ரிப் பேண்ட்பாஸ் ஃபில்டர் என்பது பலகை மேல் செம்புக் கோடுகளால் அமைத்து, குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை மட்டும் கடக்கவிடும் மின்சுற்று. அதற்குத் தமிழில் ‘நுண்பட்டைப் பட்டை வடிப்பான்’ என்ற கலைச்சொல் பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. முதல் பட்டை செம்புக் கோடு (ஸ்ட்ரிப்), இரண்டாவது பட்டை அதிர்வெண் எல்லை (பேண்ட்). ‘பட்டையின் அகலம்’ என்று எழுதினால் அது மில்லிமீட்டரா, மெகாஹெர்ட்ஸா? இந்தத் துறையில் இரண்டு அகலங்களையும் ஒரே பத்தியில் பேசியாக வேண்டும். படிக்கிற மாணவர் திணறிப்போவார்.

பட்டையை அதிர்வெண்ணுக்கே விட்டுவிடுவோம். ஸ்ட்ரிப்புக்குக் ‘கீற்று’ பொருந்தும். அடியில் தரைத்தளம் (மின்சுற்றின் தரையாக, அதாவது கிரவுண்டாக, இருக்கும் செம்புத் தகடு), நடுவில் மின்கடத்தாப் பலகை, மேலே மெல்லிய செம்புக் கீற்று. ‘நுண்’ எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார், நியாயமான கேள்விதான். 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 என்னும் கண்ணாடியிழைப் பலகையில் 50 ஓம் மின்மறுப்புள்ள கீற்று ஏறக்குறைய 3 மி.மீ. அகலம் வரும். ஆனாலும் இரு தரைத்தளங்களுக்கு நடுவே புதைந்திருக்கும் ஸ்ட்ரிப்லைனிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ஒரு முன்னொட்டு வேண்டும். நுண்ணலைச் (மைக்ரோவேவ்) சுற்றுக்கு உரியது என்பதையும் அது நினைவூட்டும். நுண்கீற்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ‘பட்டை வடிப்பான்’ பட்டையை விடுகிறதா, தடுக்கிறதா? பெயரில் தெரியவில்லை. பட்டைவிடு வடிகட்டி, பட்டைத்தடு வடிகட்டி என்றால் தெளிவு. லோபாஸுக்குத் தாழ்விடு, ஹைபாஸுக்கு உயர்விடு என்று மற்ற இரண்டும் தானாக வந்து சேரும். வடிகட்டி எல்லாருக்கும் தெரிந்த சொல், அதை மாற்ற வேண்டாம்.

பிராட்பேண்டுக்கு ‘அகலக்கற்றை’ என்றால் இணைய இணைப்புதான் மனதில் வருகிறது. இங்கே அகலப்பட்டை என்போம். அகலப்பட்டை நுண்கீற்றுப் பட்டைவிடு வடிகட்டி என்னும்போது பட்டை இரண்டு முறை வந்தாலும் பொருள் ஒன்றுதான், கேடில்லை.

வடிகட்டியைக் கச்சிதமாக்கும் வழிகளுக்கும் பெயர் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் எஃப்ஆர்4 மேல் ஓர் அரையலை ஒத்ததிர்வி (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள ரெசொனேட்டர்) ஏறத்தாழ 34 மி.மீ. நீளம். நாலைந்தை வரிசையாகப் பிணைத்தால் பலகை நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றையும் யு வடிவில் மடக்குவதுதான் ஹேர்பின் அமைப்பு. மலைப்பாதை வளைவுக்குச் சொல்கிற ‘கொண்டையூசி’ இதற்கும் அப்படியே உட்காருகிறது.

பட்டை அகல அகல, ஒத்ததிர்விகளின் பிணைப்பு வலுக்க வேண்டும், இடைவெளி குறுக வேண்டும். 0.1 மி.மீ.க்குக் கீழே போனால் சாதாரணச் செம்பு அரிப்பில் அந்த இடைவெளியைத் துல்லியமாகக் கொண்டுவருவது கடினம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2002இல் மீயகலப்பட்டைக்கு (அல்ட்ரா வைட்பேண்ட்) திறந்துவிட்ட எல்லை 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ். நடு அதிர்வெண் 6.85, அகலம் 7.5, அதாவது நடு அதிர்வெண்ணில் ஏறத்தாழ 110 விழுக்காடு! அரையலை ஒத்ததிர்விகளை அருகருகே வைக்கும் பழைய வழி இதற்கு எட்டாது. அதனால் ஒரே ஒத்ததிர்வியின் பல மோடுகளை (அது அதிரக்கூடிய வெவ்வேறு விதங்களை) அடுத்தடுத்து நிறுத்திப் பட்டையை நிரப்புகிறார்கள். மோடுக்கு ‘முறை’ என்று எழுதினால் செய்முறை என்று படித்துவிடுவார்கள். ‘பாங்கு’ நல்லது, பல்பாங்கு ஒத்ததிர்வி.

ஸ்டப் என்ற சொல்லுக்குத்தான் இன்னும் பெயர் முடிவாகவில்லை. முதன்மைக் கீற்றிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து, முனை திறந்தோ தரையோடு இணைந்தோ நிற்பது அது. திறந்த குறுங்கிளை, தரைசேர் குறுங்கிளை என்கிறேன். ஸ்டப்பைக் ‘கட்டை’ என்பவர்கள் இந்த இரண்டு வகைக்கும் பெயர் வைத்துக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.