புதுப்பிப்பு: இருள்படை ஏன் வென்றுகொண்டே இருந்தது

வெஸ்னோத் என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு நான் உருவாக்கும் களத்தில் பகல்படையும் இருள்படையும் மோதினால் இருள்படையே வெல்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். இருள்படையின் எலும்புக்கூட்டு வீரர்களின் விலையைக் கூட்டச் சொன்னீர்கள். கூட்டினேன், சரிவரவில்லை.

போயா லீவன்று வெள்ளவத்தை வீட்டில் மருமகனோடு நாள் முழுக்க விளையாடினேன். மூன்றாவது ஆட்டத்தில் அவன் கேட்டான்: "மாமா, ஏன் எப்பவும் இருட்டினாப் பிறகே சண்டை தொடங்குது?"

அதுதான் விஷயம். இந்த விளையாட்டில் ஒரு நாளுக்கு ஆறு சுற்று: விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, பிறகு இரண்டு சுற்று இரவு. பகலில் பகல்படையின் அடி 25% கூடும், இருள்படையின் அடி 25% குறையும், இரவில் தலைகீழ். என் வரைபடத்தில் கோட்டைகள் இருந்த தூரத்துக்குப் படைகள் சந்தித்ததே ஐந்தாம் சுற்றில், முதல் இரவில். எலும்புக்கூட்டின் அடி 7இலிருந்து 9 ஆகிறது, பகல்படை ஈட்டிக்காரனின் அடி 7இலிருந்து 5 ஆகிறது. விடியுமுன்னே பகல்படையில் பாதி போய்விடும். விலையில் பிழையே இல்லை.

ஆற்றை அகலமாக்கிச் சந்திப்பை ஏழாம் சுற்றுக்கு, அடுத்த விடியலுக்குத் தள்ளினேன். இப்போது பகல்படை காலையில் ஏறி வருகிறது. இருள்படை கரையோரக் கிராமங்களில் நின்று தாங்குகிறது (அங்கே நின்றால் சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி திரும்பும்), இரவில் திருப்பி அடிக்கிறது. அப்புறம் ஆடிய 8 ஆட்டங்களில் 5-3. எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்தது குள்ளர் படை. அவர்களுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான், மலையில் 70% தற்காப்பு (எதிரியின் அடி தவறும் வாய்ப்பு) வேறு. ஆகவே நடுவில் இருக்கும் மலைகளை முதலில் குறைக்கப்போகிறேன்.